நியூ ஐபீரியா: பாயூ ஓரத்து ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போகும் நண்பர்களிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன்: லாஃபயெட்டில் 10ஆம் நெடுஞ்சாலையை விட்டு 90ஆம் நெடுஞ்சாலைக்கு மாறுங்கள், நியூ ஐபீரியாவில் அரை நாள் நில்லுங்கள். உடனே கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

நியூ ஐபீரியா எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

அமெரிக்காவின் தெற்கு ஓரத்தில், லூசியானா மாநிலத்தில். லாஃபயெட் நகரத்திலிருந்து தென்கிழக்கே 30 கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 28,555 பேர். மற்ற மாநிலங்களில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) என்பதை லூசியானாவில் மட்டும் பாரிஷ் என்பார்கள். ஐபீரியா பாரிஷின் தலைநகரம் இதுதான். அந்தப் பாரிஷ் உருவானது 1868ல்.

பாயூ என்றால் என்ன? ஆறா, கால்வாயா, ஓடையா?

மூன்றிலும் கொஞ்சம். மெல்ல நகரும் பழுப்பு நிற நீர், இரண்டு பக்கமும் பாசி தொங்கும் ஓக் மரங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் இலையைப் போட்டுவிட்டு நிற்க வேண்டும். சாக்டா பழங்குடியினரின் சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து 'பாயூ' ஆனது.

இந்த ஊர் வழியாகப் போவது பாயூ டெஷ். நீளம் சுமார் 200 கிலோமீட்டர். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மிசிசிப்பி ஆறு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. அப்புறம் ஆறு தடம் மாறி கிழக்கே போய்விட்டது. அது விட்டுப்போன பழைய படுகையில் மிச்சமிருக்கும் நீர்தான் டெஷ். அந்த மிச்சமும் இப்போது இயற்கையாக வருவதில்லை. 1927ல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு கட்டிய கரைகள் மேலிருந்து வரும் நீரைத் தடுத்துவிட்டன. அதனால் 1980களிலிருந்து அட்சாஃபலாயா ஆற்றிலிருந்து பம்ப் வைத்து நீர் ஏற்றுகிறார்கள். பார்க்க ஆதிகாலத்துக் காட்சி, பின்னால் மோட்டார்.

டெஷ் என்ற பெயருக்குப் 'பாம்பு' என்று பொருள் சொல்கிறார்கள். ஒரு மாபெரும் பாம்பைத் தங்கள் வீரர்கள் கொன்றதாகவும், அது நெளிந்து மடிந்த தடமே இந்த நீர்வழி என்றும் சிட்டிமாச்சா பழங்குடியினருக்கு ஒரு கதை உண்டு. அவர்கள் கதையாக மட்டும் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாயூவின் கீழ்ப்பகுதியில், ஷரன்டன் என்ற இடத்தில், தங்கள் பூர்வ நிலத்தின் ஒரு துண்டில் இன்றும் வாழ்கிறார்கள். நாணல் பிளந்து அவர்கள் முடையும் கூடைகள் பெயர் பெற்றவை.

ஊர் ஏன் நீளவாக்கில் பாயூவை ஒட்டியே கிடக்கிறது?

மேடு அங்கேதான் இருக்கிறது, அதனால். நம் ஊரில் ஆற்றங்கரை என்றால் பள்ளம், ஊர் மேட்டில் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கரைமேல் வண்டலைக் கொட்டிக் கொட்டி, கரைதான் உயரமான இடமாகிவிட்டது. பாயூவை விட்டு விலக விலக நிலம் சரிந்து சதுப்பாகிறது. ஊரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர்தான் உயரம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஊரின் பாதிச் சரித்திரம் புரிந்துவிடும்: யார் மேட்டில் இருந்தார், யார் பள்ளத்தில் இருந்தார் என்பதுதான் அது.

'ஐபீரியா' என்கிறார்களே, ஸ்பானியர் கட்டிய ஊரா?

ஆமாம். பிரெஞ்சுக்காரருக்குப் பெயர் பெற்ற லூசியானாவில் ஸ்பானியர் தொடங்கிய ஊர். 1763க்குப் பிறகு இந்தப் பகுதி ஸ்பெயினிடம் இருந்தது. 1779ல் பிரான்சிஸ்கோ பூலின்யி என்ற ராணுவ அதிகாரி, தெற்கு ஸ்பெயினின் மலகா பகுதியிலிருந்து வந்த குடும்பங்களை அழைத்துக்கொண்டு டெஷ் வழியாக வந்தார். முதலில் கீழே ஓர் இடத்தில் குடியேறினார்கள். வெள்ளம் வந்து விரட்டியது. மேலே ஏறி வந்து, இப்போதைய இடத்தைப் பிடித்தார்கள். பெயர் நுவேவா இபேரியா, அதாவது புதிய ஐபீரியா. ஐபீரியா என்பது ஸ்பெயின் இருக்கும் தீபகற்பம்.

ஆளிச்செடியும் சணலும் பயிரிடலாம் என்பது அரசாங்கத் திட்டம். மலகாவின் வறண்ட மலைச்சரிவில் வளர்ந்தவர்களை இந்தப் புழுக்கத்தில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? திட்டம் படுத்துவிட்டது. அவர்கள் மாடு மேய்க்கப் போனார்கள். பக்கத்திலுள்ள ஏரிக்கு ஸ்பானிஷ் லேக் என்ற பெயர் நிலைத்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சுற்றிலும் பிரெஞ்சு பேசுபவர்கள். இரண்டு மூன்று தலைமுறையில் ஸ்பானியர் வீட்டிலும் பிரெஞ்சு. வில்லடோரோ குடும்பம் வியாட்டர் ஆயிற்று. ரொமேரோ, செகூரா போன்ற பெயர்களோடு, அசல் கேஜன் உச்சரிப்பில் (கேஜன் யார் என்பது அடுத்த கேள்வி) பேசும் மனிதர்களை இன்றும் இந்த ஊரில் பார்க்கலாம். 1803ல் லூசியானா அமெரிக்கா கைக்குப் போனபின் ஆங்கிலம் பேசுபவர்கள் வந்து 'நியூடவுன்' என்று கூப்பிட்டார்கள். கடைசியில் நிலைத்தது பாதி ஆங்கிலம் பாதி ஸ்பானியம். அண்மைக் காலத்தில் ஊருக்கு ஸ்பானிய ஞாபகம் மறுபடி வந்திருக்கிறது: மலகா பக்கத்து அலவ்ரின் தெ லா தோரே நகரத்தோடு சகோதர நகர உறவு, ஒரு ஸ்பானியத் திருவிழா.

கேஜன் என்பது யார்? கிரியோல் என்பது யார்?

கனடாவின் கிழக்குக் கரையில், அக்கேடியா என்ற பகுதியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களை 1755ல் பிரிட்டிஷார் வீட்டைக் கொளுத்திக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அவர்களில் ஒரு கூட்டம் 1765ல், போசொலே என்ற பட்டப்பெயர் கொண்ட ஜோசப் புரூசார் தலைமையில் டெஷ் கரைக்கு வந்து சேர்ந்தது. 'அக்கேடியன்' தேய்ந்து 'கேஜன்' ஆனது. ஸ்பானியர் வந்தபோது இவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள்.

கிரியோல் என்பதற்கு யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆரம்பத்தில் 'இந்த மண்ணில் பிறந்தவர்' என்றுதான் பொருள். இப்போது டெஷ் பகுதியில் பெரும்பாலும் பிரெஞ்சு மரபும் ஆப்பிரிக்க மரபும் கலந்த கறுப்பின மக்களைக் குறிக்கிறது. இரண்டையும் குழப்பிப் பேசினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் திருத்துவார்கள், நீண்ட நேரம்.

இன்னும் பிரெஞ்சு பேசுகிறார்களா?

வயதானவர்கள் சிலர். 1921ன் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, 'நான் பட்டது போதும்' என்று தங்கள் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். 1968ல் பிரெஞ்சை வளர்க்க மாநில அரசே ஓர் அமைப்பு தொடங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை கைநழுவிவிட்டது.

கரும்புக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? கோயம்புத்தூரை இழுத்து ஏதோ சொல்வீர்களே?

இழுக்கவில்லை, உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறது.

கரும்புதான் இந்த ஊரின் பெரும் பயிர். 1937லிருந்து கரும்புத் திருவிழா நடக்கிறது. செப்டம்பர் கடைசியில், அறுவடைக்கு முன்பு. கரும்பு வெப்பமண்டலப் பயிர். லூசியானாவில் குளிர்காலத்தில் உறைபனி விழும். அதனால் ஒன்பது மாதத்துக்குள் வளர்த்து, அக்டோபரிலிருந்து வருடக் கடைசிக்குள் அவசர அவசரமாக வெட்டி ஆலைக்கு அனுப்பியாக வேண்டும்.

1920களில் மொசைக் என்ற நச்சுயிரி நோய் பரவியது. இலையில் திட்டுத்திட்டாக வெளிறி, பயிர் குறுகிப்போகும். லட்சக்கணக்கான டன் சர்க்கரை செய்த மாநிலத்தில், 1926ல் ஐம்பதாயிரம் டன்கூடத் தேறவில்லை. தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன.

முதலில் ஜாவாவிலிருந்து வந்த வகைகள் கைகொடுத்தன. அடுத்து 1930களில் வந்தவைதான் கோ 281, கோ 290. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1912ல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சி.ஏ. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள்: இனிப்பான கரும்போடு, ஆற்றோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டு நாணலை இனக்கலப்புச் செய்தார்கள். நாணலில் சர்க்கரை கிடையாது. ஆனால் நோயும் குளிரும் அதை அசைக்காது. அந்த முரட்டுத்தனம் கரும்புக்கு வந்தது. கோ 281 லூசியானாவின் குளிரைத் தாங்கியது. அமெரிக்க விஞ்ஞானிகள் பின்னால் உருவாக்கிய பல வகைகளுக்கு முன்னோரும் ஆனது. நியூ ஐபீரியாவின் கரும்புக் காட்டு ஓரமாகக் காரில் போகும்போது, இதில் கொஞ்சம் நம் ஊர் ஆற்று நாணல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உடன் வருபவர்களுக்கு இந்தக் கதை சலித்துவிட்டது.

ஊர் நடுவே ஒரு பெரிய வெள்ளைத் தூண் வீடு இருக்கிறதே, பார்க்கலாமா?

ஷேடோஸ் ஆன் த டெஷ். பார்க்க வேண்டும், ஆனால் தூண்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். டேவிட் வீக்ஸ் என்ற கரும்புத் தோட்ட முதலாளி 1831ல் கட்ட ஆரம்பித்து 1834ல் முடிந்தது. அவருக்கு அதில் வாழக் கொடுத்துவைக்கவில்லை; அதே 1834ல், உடல்நலம் தேடிப் போன வடக்குப் பகுதியில் இறந்தார். வீட்டை நடத்தியது மனைவி மேரி. உள்நாட்டுப் போரில், 1863ல், வடக்குப் படை வந்து வீட்டைத் தளமாக்கியது. படைவீரர்கள் வீட்டில் இருக்கும்போதே மேரி மாடியில் இறந்தார்.

வழிகாட்டிகள் இந்தக் கதையை உருக்கமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் செங்கல்லுக்கு மண் பிசைந்தவர்கள், கரும்பு வெட்டியவர்கள், கொதிக்கும் பாகில் கைவெந்தவர்கள் எல்லாம் அடிமைகள். அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடும். அமெரிக்க அடிமை வாழ்வில் பருத்தியைவிடக் கரும்பு கொடியது என்பது அக்காலத்திலேயே தெரிந்த விஷயம். வீட்டுப் பரணில் பெட்டி பெட்டியாக ஆயிரக்கணக்கான குடும்பக் காகிதங்கள் கிடைத்தன. அடிமைகளின் பெயர்கள் அந்தக் கணக்குகளில் இருக்கின்றன. அவர்களைப் பற்றிக் கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள்.

வீட்டைக் காப்பாற்றியவர் கொள்ளுப்பேரன் வில்லியம் வீக்ஸ் ஹால், ஓவியர். 1920களில் பழுதுபார்த்து, வந்த விருந்தாளிகளை ஒரு கதவில் கையெழுத்துப் போட வைத்தார். வால்ட் டிஸ்னியும் திரைப்பட இயக்குநர் செசில் டிமில்லும் போட்டிருக்கிறார்கள். 1958ல் அவர் இறந்தபோது வீடு தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போனது.

டபாஸ்கோ சாஸ் இங்கேதான் செய்கிறார்களா?

ஊரிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில், ஏவரி தீவில். 'தீவு' என்றதும் படகு தேட வேண்டாம், கார் போகும். சுற்றிலும் சதுப்பு, நடுவில் 50 மீட்டர் உயர மேடு. தட்டையான இந்த நாட்டில் அது மலை. அடியில் இருப்பது பாறை அல்ல, உப்பு. பழங்காலக் கடல் வற்றிய உப்புப் படிவம், மேலே வண்டல் அழுத்த அழுத்த, தூண்போலப் பிதுங்கி எழுந்து நிலத்தைத் தூக்கி நிற்கிறது.

எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868ல் அங்கே மிளகாய் பயிரிட்டார். 1870ல் காப்புரிமை வாங்கினார். முறை இன்றும் ஏறத்தாழ அதேதான். பழுத்த மிளகாயை உப்போடு அரைத்து, ஓக் பீப்பாயில் அடைத்து, மூடிமேல் உப்பைக் கொட்டி மூன்று வருடம்வரை புளிக்கவிட்டு, பிறகு வினிகர் சேர்ப்பார்கள். பழம் பறிக்கும் பக்குவம் பார்க்க, சிவப்புச் சாயம் பூசிய சின்னக் குச்சி ஒன்று வைத்திருப்பார்கள். அந்த நிறம் வந்தால் பறிக்கலாம். இப்போது மிளகாய் பெரும்பாலும் வெளிநாடுகளில் விளைகிறது, விதை மட்டும் தீவிலிருந்து போகிறது. நம் காந்தாரி மிளகாயின் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் பாட்டிலில் வருவது வினிகரில் நீர்த்தது. ஊறுகாய் தின்று வளர்ந்தவர்களுக்குக் காரமாக இருக்காது.

அதே மெக்கில்ஹென்னி குடும்பத்தில் எட்வர்ட் என்பவர், தொப்பி இறகுக்காக வெண்கொக்குகளைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்த 1890களில், எட்டுக் கொக்குக் குஞ்சுகளைப் பிடித்து வளர்த்து விட்டார். அவை வருடாவருடம் கூட்டத்தோடு திரும்பி வந்தன. இன்றும் வேனிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் வருகின்றன. சாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இந்தத் தோட்டத்தைப் பார்க்காமல் வந்துவிடுவது எனக்கு வருத்தம்.

ஓர் ஏரி முழுவதும் பூமிக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்களே, கட்டுக்கதையா?

நடந்தது. 1980 நவம்பர் 20. ஊருக்கு மேற்கே பென்யூர் ஏரி. ஆழம் மூன்று மீட்டர்தான். ஏரிக்கு அடியில் டயமண்ட் கிரிஸ்டல் நிறுவனத்தின் உப்புச் சுரங்கம், மேலே டெக்சாகோவுக்காக எண்ணெய் தேடும் துளைமேடை. துளை போடும் கருவி சுரங்கத்துக்குள்ளேயே போய்விட்டது. தண்ணீர் உப்பைக் கரைக்கும் அல்லவா? ஓர் அடிக்குச் சற்று அதிகமான அகலத்தில் போட்ட ஓட்டை, கிணறாகி, பள்ளத்தாக்காகி, ஏரி குளியல்தொட்டி போலச் சுழன்று இறங்கியது. துளைமேடை, ஓர் இழுவைப்படகு, 11 சரக்குப் படகுகள், கரையிலிருந்து 65 ஏக்கர் நிலம், மரங்கள் எல்லாம் உள்ளே. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் டெல்கம் கால்வாய் திரும்பி ஓடியது. கடல்நீர் ஏரிக்குள் அருவியாக விழுந்தது. சில நாட்களுக்கு மாநிலத்திலேயே உயரமான அருவி அதுதான்.

சுரங்கத்தில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. தண்ணீர் வருவதைப் பார்த்த ஒருவர் எச்சரிக்கை கொடுக்க, ஒரே மின்தூக்கியில் முறைவைத்து எல்லோரும் ஏறி வந்தார்கள். மேடையில் இருந்தவர்களும் தப்பினார்கள். நீர் நிரம்பியபின் ஒன்பது சரக்குப் படகுகள் தக்கைபோல மேலே வந்தன. நன்னீர் ஏரி உப்பு ஏரியாகிவிட்டது. கரையோரத்தில் ஒரு புகைபோக்கி மட்டும் தண்ணீரில் நிற்கும், முழுகிய வீட்டினுடையது.

கறுப்பின மக்களின் சரித்திரம்?

பலகைகளில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் தேட வேண்டும். 1839ல் மஞ்சள் காய்ச்சல் வந்து ஊர் காலியானபோது, சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்த ஃபெலிசித்தே என்ற கறுப்பினப் பெண் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். ஊரார் 'தாந்த்', அதாவது அத்தை, என்று சேர்த்தே கூப்பிட்டார்கள். 1897ல் மருத்துவப் பட்டம் பெற்ற எம்மா வேக்ஃபீல்ட், லூசியானாவில் மருத்துவ உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இந்த ஊர்க்காரர்.

1944 மே மாதம் நடந்ததை நான் எப்போதும் சொல்லிவிடுவேன். போர்க்காலத்தில் வெல்டிங் வேலைக்கு ஆள் தேவை. கறுப்பின இளைஞர்களுக்கும் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு குரல் கொடுத்தது. அமைப்பின் உள்ளூர்த் தலைவர் லியோ ஹார்டியை ஷெரீஃபின் ஆட்கள் பிடித்து அடித்து ஊரைவிட்டு விரட்டினார்கள். அடுத்த சில நாட்களில் மருத்துவர்கள் உட்பட இன்னும் சிலர். வாஷிங்டனிலிருந்து விசாரணை வந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. கறுப்பின மக்கள் வெகுகாலம் தங்கள் மருத்துவர் இல்லாமல் இருந்தார்கள்.

இசை உண்டா?

பங்க் ஜான்சன் ஒருவர் போதும். நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் பிறந்த காலத்து டிரம்பெட் கலைஞர். 1931ல் ரெயின் என்ற ஊரில் கச்சேரி நடக்கும்போதே குழுத் தலைவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பங்கின் கருவியும் நொறுங்கியது. பல்லும் போய்விட்டது. பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. நியூ ஐபீரியாவில் கரும்பு வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1930களின் கடைசியில் ஜாஸ் சரித்திரம் எழுத வந்தவர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள். பல்செட் கட்டிக் கொடுத்தவர் லெனார்ட் பெஷே, புகழ்பெற்ற சிட்னி பெஷேயின் அண்ணன். 1942ல் ஒலிப்பதிவு, பிறகு நியூயார்க் மேடை. 1949ல் இந்த ஊரிலேயே இறந்தார். 1879ல் பிறந்ததாகச் சொல்லிக்கொள்வார். வயதைக் கூட்டிச் சொன்னார் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ரோமானியச் சக்கரவர்த்தி சிலை இன்னும் இருக்கிறதா?

இல்லை. ஹாட்ரியனின் பழைய பளிங்குச் சிலை ஒரு வங்கியின் வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் பல வருடம் நின்றது. ஹாட்ரியனின் குடும்பம் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்தது, அதனால் ஐபீரியாவுக்குப் பொருத்தம் என்று வைத்தார்கள். 2008ல் ஏலத்தில் போய்விட்டது.

என்ன சாப்பிடலாம்? சைவர்களுக்கு?

அரிசி ஊர் இது. 1912லிருந்து ஓடும் கான்ராட் அரிசி ஆலை அமெரிக்காவில் இன்னும் இயங்குகிறவற்றில் மிகப் பழையது. உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். கம்போ என்பது மாவை எண்ணெயில் கரும்பழுப்பாக வறுத்து, இறாலோ கோழியோ சேர்த்துச் செய்யும் குழம்பு, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். 'கம்போ' என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காய். சின்ன நன்னீர்ச் சிங்கி இறால் போன்ற க்ராஃபிஷின் பருவம் குளிர்கால முடிவிலிருந்து மே, ஜூன் வரை. நெல் அறுத்த பிறகு அதே வயலில் மறுபடி நீர் நிறுத்தி வளர்ப்பார்கள். பூடான் என்பது பன்றிக்கறியும் சோறும் குடலில் அடைத்தது.

சைவர்கள் பாடு திண்டாட்டம். பீன்ஸ் பொரியல் என்று நினைத்துக் கேட்டால் அதிலும் பன்றிக்கறித் துண்டு இருக்கும். லாஃபயெட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வேறு ஆசிய மக்கள் இருக்கிறார்களா?

லாவோஸ் நாட்டவர்கள். வியட்நாம் போருக்குப் பின் அகதிகளாக வந்து, எண்ணெய்த் தொழிலில் வெல்டிங் வேலை பார்த்து, ஊருக்கு வடக்கே லான்சாங் என்று ஒரு சின்னக் குடியிருப்பும் பொன் கூரை வைத்த புத்தர் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வரும். இங்கே லீவுக்காக ஈஸ்டர் வார இறுதியில் கொண்டாடுகிறார்கள். கரும்புக் காட்டு நடுவில் பப்பாளிக்காய் சாலட் கிடைக்கும்.

புயல் பயம் இல்லையா?

உண்டு. 2005ல் ரீட்டா புயலில் கடல் பாரிஷின் தெற்கே ஏறியது, டெல்கம் என்ற சிற்றூர் மூழ்கியது. பாயூக் கரையின் பழைய தெருக்கள் தப்பின. ஆகஸ்ட், செப்டம்பரில் திட்டமிட்டால் வானிலை பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்?

கொக்குகளுக்கு மார்ச், ஏப்ரல். எனக்குப் பிடித்தது நவம்பர். கரும்பு வெட்டும் காலம். வயலில் சோகை எரியும் புகை, ஆலைப் பக்கம் போனால் வெல்லம் காய்ச்சும் வாசனை. சாலையெல்லாம் கரும்பு வண்டிகள் சிந்திய சேறு. மழை பெய்தால் சோப்பு போல வழுக்கும். வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தாதீர்கள். ஆலை பெரும்பாலும் அடுத்த திருப்பத்தில்தான் இருக்கும்.